கிரகணத்தன்று நறுக்கிய காய்

பிளந்த உதட்டோடு பிறந்தவள் நான். கைக்குழந்தையிலேயே உதட்டையும் அண்ணத்தையும் தைத்துவிட்டார்கள். ஆனால் வளர வளர மேல்தாடை பின்தங்கியது. கீழ்த்தாடை மட்டும் முன்னால் நீண்டது. வளர்ச்சி நிற்கும்வரை பொறுத்திருந்து, பத்தொன்பது வயதில் மதுரையில் மேல்தாடையை அறுத்து முன்னுக்கு நகர்த்தினார்கள். முகமே மாறிவிட்டது.

போடியில் எங்கள் தெருவில் இருந்து ராசிங்காபுரத்துக்குக் குடிபோன ஓர் அத்தைக்கு இது தெரியாது. நான் வயிற்றில் இருந்தபோது அம்மா கிரகணத்தன்று காய் நறுக்கியதால்தான் என் உதடு பிளந்தது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவள் அவள். கூடவே நின்று பார்த்த மாதிரி சொல்வாள். காய் மட்டும் ஒவ்வொரு தடவையும் மாறும்.

போன மாதம் மலையடிவாரத்துக் குரங்கணிக்குப் போகும் ஜீப்பில் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த கர்ப்பிணிப் பெண்ணிடம் ஆரம்பித்துவிட்டாள்.

“கிரகணத்துல அருவாமனையத் தொட்டுறாத ஆத்தா. போடியில ஒருத்தி கத்திரிக்கா நறுக்குனா. பிள்ளைக்கு உதடு பிளந்துபோச்சு.”

“முன்னெல்லாம் பூசணிக்கான்னுல்ல சொல்லுவீக அத்தை?” என்றேன்.

உற்றுப் பார்த்தாள். “நீ யாரு வீட்டுப் பிள்ளை ஆத்தா? லெச்சணமா இருக்க.”

“அந்தக் கத்திரிக்காப் பிள்ளை நாந்தேன்.”

குரங்கணி வரும்வரை அத்தை என் உதட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது அந்தப் பெண்ணின் காதருகே குனிந்தாள்.

“அப்ப அது பூசணிக்காயாத்தேன் இருக்கும்.”