கடைசி மடக்குக் காபி

நவம்பர் பதினெட்டு, சனிக்கிழமை, மாலை ஐந்து மணி இருபது நிமிடம். காலையில் கொட்டிய மழை விட்டுத் தூறல் மட்டும் மிச்சமிருந்தது. மயிலாப்பூரில் எங்கள் தெருமுனையில் நானும் மனைவியும் ஒரே குடையில் ஆட்டோவுக்காக நின்றோம். பாராட்டுக் கூட்டம் ஆறரைக்குத்தான், மண்டபமும் நடக்கிற தூரம்தான். ஆனால் வேட்டி நனையும், மேடைப் படி வழுக்கும், செருப்பைக் கழற்றி விட்டால் திரும்பக் கிடைக்காது என்று எனக்குக் கவலைகள் வரிசைகட்டி நின்றன. எல்லாவற்றையும் விடப் பெரிது, மதியம் மகன் போனில் சொன்னது.

"போங்கப்பா, சால்வை போடுங்க, போட்டோ எடுத்துக்கங்க. மைக்கைப் பிடிச்சு எனக்கு இந்த வியாதின்னு மட்டும் சொல்லிடாதீங்க. அடுத்த வாரம் மாப்பிள்ளை வீட்ல பூ வைக்க வர்றாங்க. அவங்க கடை தி. நகர்ல. இங்க பேசினா அங்க போய்ச் சேர ஒரு நாள் ஆகாது. அப்புறம் அதுக்கு என்ன விலை குடுக்கணுமோ, நீங்களே கணக்குப் பாத்துக்கங்க."

மாப்பிள்ளை, என் பேத்திக்குப் பார்த்திருக்கும் பையன். வியாதி, ஹெபடைடிஸ் பி. கல்லீரலில் தங்கிவிடும் வைரஸ். என்னிடம் அது இருபத்தைந்து ஆண்டுகளாகத் தங்கியிருக்கிறது. வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. அந்த வைரஸை ஆராய்ந்தே தலை நரைத்த டாக்டரம்மா ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார் என்று அவருடைய மாணவர்கள் பாராட்டுக் கூட்டம் வைத்திருந்தார்கள். நோயாளிகள் சார்பில் மூன்று நிமிடம் பேச முடியுமா என்று கேட்டார்கள். மகனைக் கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டேன்.

"என்ன சொல்லப் போறீங்க?" என்றாள் மனைவி.

"நன்றி சொல்லிட்டு இறங்கிடலாம்னு பாக்கறேன்."

"அதுக்கு நீங்க எதுக்கு? சொன்னா காபியைச் சொல்லுங்க. மத்ததெல்லாம் படிச்சவங்க சொல்லுவாங்க."

அவள் காபி என்று சொன்னது பழைய கதை. அப்போது நான் தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சரக்கிருப்புக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் ரத்ததான முகாம் நடந்தது. எல்லோரும் கொடுத்தார்கள், நானும் கொடுத்தேன். ஒன்பதாம் நாள் ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டு, உங்கள் ரத்தத்தை யாருக்கும் ஏற்ற முடியாது, ஆஸ்பத்திரியில் போய்க் காட்டுங்கள் என்றார்கள். காட்டினேன். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. தொற்றக்கூடியது என்று ஒரு வார்த்தை சொன்னார்கள். அதைத் தவிர வேறு எதுவும் என் காதில் ஏறவில்லை.

நேரே பாத்திரக் கடைக்குப் போனேன். ஒரு தட்டும் ஒரு டம்ளரும் வாங்கி இரண்டிலும் என் பெயரின் முதல் எழுத்தை வெட்டச் சொன்னேன். அன்று முதல் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனித் துண்டு. நானே கழுவி, நானே தனியாகக் கவிழ்த்து வைத்தேன். யாரும் என்னை ஒதுக்கவில்லை. அந்த வேலையை நானே முழுதாகச் செய்து முடித்தேன்.

கல்யாணமான மறுநாளிலிருந்து எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் என் காபியில் கடைசி மடக்கை டம்ளரில் விட்டுவிடுவேன். மனைவி அதைச் சமையலறையில் நின்றபடியே குடிப்பாள். தனக்கென்று காலையில் தனியாகக் கலந்துகொள்ள மாட்டாள். ஏன் என்று நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. தனி டம்ளர் வந்த அன்று அடிவரை குடித்துவிட்டுக் கழுவப் போனேன். அவள் நின்று பார்த்தாள். தனக்கு வேறு காபி கலந்துகொள்வாள் என்று நினைத்தேன். காலைக் காபியையே விட்டுவிட்டாள்.

நான்கு மாதம் அப்படிப் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். காலடியில் ஐஸ் பெட்டி. ஊசிக்கும் மாத்திரைக்கும் எழுதிக்கொடுக்கிற டாக்டர் இல்லை அவர், ஆய்வுக்கூடத்து டாக்டர். ஒரே வீட்டில் இருப்பவர்களில் யாருக்கு இந்த வைரஸ் போகிறது, யாருக்குப் போவதில்லை என்று பார்க்க வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். மனைவியிடமும் மகனிடமும் எடுத்தார். மனைவி இரண்டு காபி கொண்டுவந்தாள். எனக்கு என் டம்ளர்.

"அது என்ன எழுத்து வெட்டி தனியா?" என்றார்.

நான் விளக்கினேன். எத்தனை நிமிடம் கொதிக்க வைக்கிறேன் என்பது உட்பட. அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு மனைவியைப் பார்த்து, "உனக்கு எங்கம்மா காபி?" என்றார்.

"நான் குடிக்கிறதில்ல டாக்டர்."

"எப்பவுமேவா?"

மனைவி என் டம்ளரைப் பார்த்தாள். ஆயிரம் சோதனைக் குழாய்களைப் பார்த்த கண்ணுக்கு அது போதுமாயிருந்தது. டாக்டரம்மா என் கையிலிருந்த டம்ளரை வாங்கினார். கால் பங்கு மிச்சமிருந்தது. தூக்கிக் குடிக்கவில்லை. உதட்டில் வைத்து, என் எச்சில் பட்ட அதே விளிம்பில் குடித்தார்.

"ஐயோ டாக்டர்," என்றாள் மனைவி. "நீங்களாவது தடுப்பூசி போட்டிருப்பீங்க."

"போடலைன்னாலும் குடிச்சிருப்பேன். இது ரத்தத்துல போறதும்மா. எச்சில் காபில போறதில்ல. உனக்கும் மூணு ஊசி போட்டுடுவோம், அது வேற கணக்கு. அதுக்காக இந்த மனுஷன் பண்ற அட்டகாசம் எதுக்கு?" பிறகு என்னிடம் திரும்பி, "ஏன் சார், கடையில சேலை எண்ணறது பத்தலையா?" என்றார்.

பரிசோதனையில் மனைவிக்கும் இல்லை, மகனுக்கும் இல்லை. இருவருக்கும் ஊசி போட்டாயிற்று. மறுநாள் காலை கடைசி மடக்கை விட்டு டம்ளரை நீட்டினேன். அவள் வாங்கி, நின்றபடியே குடித்தாள்.

அதற்குப் பிறகு அவரை எத்தனையோ முறை பார்த்தேன். நான் சேலை எண்ணினேன். அவர் என் ரத்தத்தில் வைரஸை எண்ணினார். எண்ணிக்கை ஏறிய வருடம், கல்லீரல் கெடுவதற்கு முன்பே மாத்திரை ஆரம்பிக்கச் சொல்லி அனுப்பினார். பேத்தி பிறந்தபோது நர்சிங் ஹோமில் அந்த ஊசியை அடுத்த மாதம் போடலாம் என்றார்கள். இவர் போனில் பேசி, பிறந்த அன்றே போட வைத்தார். அப்போது ஊரில் அது வழக்கமில்லை. இன்று வழக்கமாகியிருக்கிறது; அதற்கு அவரைப் போன்றவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் அதே பாத்திரக் கடைக்குப் போனேன். சால்வையை மற்றவர்கள் போடுவார்கள். ஒரு டம்ளர் எடுத்தேன். வெளியே ஸ்டூலில் எழுத்து வெட்டுகிறவர் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இன்னா பேரு சார்?"

"பேர் வேணாம். சும்மா குடுங்க."

"பேரில்லாத சாமான் கல்யாண வீட்ல கைமாறிப் பூடும், பாத்துக்கோ."

"மாறட்டும்," என்றேன்.

சனிக்கிழமை ஆட்டோக்காரர் எங்களை ஏறிட்டுப் பார்த்து, "இன்னா பெர்சு, நாலு எட்டு வெச்சா மண்டபம். நடந்தே பூடலாமே," என்றார். மழை என்றேன். "இது மழையா?" என்று சிரித்தபடி ஏற்றிக்கொண்டார்.

மண்டபத்தில் நாங்கள்தான் முதல் ஆள். பிறகு நிரம்பியது. எங்கள் தெருக்காரர்களே மூன்று பேர் இருந்தார்கள். பாராட்டுரையை ஒருவர் வாசித்தார். விரல் விட்டு எண்ணினேன்: பதினொரு சாதனைகள். ஆய்வுக்கூடத்தை ஒற்றை அறையில் தொடங்கியது, மருந்துக்கு அடங்காத வைரஸ் வகைகளைக் கண்டுபிடித்தது, குழந்தைகளுக்கான ஊசி, அவரிடம் படித்தவர்கள். எல்லாம் உண்மை. காபி அதில் இல்லை.

என்னைக் கூப்பிட்டார்கள். படி வழுக்கவில்லை. மைக் முன்னால் நன்றி என்று ஆரம்பித்தேன். மகன் சொன்னது நினைவுக்கு வந்தது. முதல் வரிசையில் மனைவி மடியில் பையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"எனக்கு ஹெபடைடிஸ் பி இருக்கு," என்றேன். "இருபத்தஞ்சு வருஷமா. என் வீட்டுக்காரி நாலு மாசம் காபி குடிக்காம இருந்தா. அதுக்குக் காரணம் வியாதி இல்லை, நான்." பிறகு டம்ளர் கதையைச் சொன்னேன். மூன்று நிமிடம் தாண்டிவிட்டது. யாரும் மணி அடிக்கவில்லை. டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தார்.

கீழே டிபன் கூடத்தில் காகிதக் கோப்பையில் காபி கொடுத்தார்கள். பையிலிருந்த புது டம்ளரை டாக்டரம்மாவிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எழுத்து எங்க?"

"இல்லை டாக்டர்."

அவர் தன் கோப்பைக் காபியை டம்ளரில் ஊற்றிக் குடித்தார். கடைசி மடக்கை விட்டு, என் மனைவியிடம் நீட்டினார். கூடமே பார்க்க அவள் அதைக் குடித்தாள். "சர்க்கரை ஜாஸ்தி," என்றாள்.

மகன் கணித்தது சரி. ஞாயிறு மதியத்துக்குள் தி. நகருக்குச் செய்தி போய்விட்டது. அன்று மாலை மாப்பிள்ளையின் அம்மா கூப்பிட்டார். மகன் போனை என்னிடம் தள்ளிவிட்டு எதிரே நின்றான்.

"பொண்ணுக்கு அந்த ஊசி போட்டிருக்கா?" என்று கேட்டார்.

"பிறந்த அன்னைக்கே போட்டாச்சும்மா. டெஸ்ட்டும் எடுத்தாச்சு, அவளுக்கு ஒன்னும் இல்ல."

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு அவர் தயங்கிக் கேட்டார்: "எங்க பையனுக்குப் போட்டதா ஞாபகம் இல்லீங்க. இப்ப போடலாமா? எங்க போறது?"

டாக்டரம்மாவைக் கேட்டேன். எந்த வயதிலும் போடலாம், மூன்று தடவை என்றார். மாப்பிள்ளையை நானே அழைத்துப்போனேன். அவர் பணத்தை எடுக்க, பெண் வீட்டுச் சீர் என்று சொல்லித் தடுத்தேன். இரண்டு ஊசி கல்யாணத்துக்கு முன், மூன்றாவது மே மாதத்தில்.

என்ன விலை என்று மகன் கேட்டதற்கு மூன்றாவது ஊசி போட்ட அன்றுதான் என்னால் முழுக் கணக்குச் சொல்ல முடிந்தது. டம்ளர், போக வர ஆட்டோ, மூன்று ஊசி எல்லாம் சேர்த்து எண்ணூற்று ஐந்து ரூபாய்.