நாற்பத்திரண்டாம் நம்பர் காலும் நான்கு துப்பாக்கிகளும்

என் காலைச் சுடப் போகிறார்கள் என்றுதான் முதலில் நம்பினேன்.

சிரிக்க வேண்டாம். ஆம்பூர் ஷூ கம்பெனியில் பாதி ஆயுளைக் கழித்தவன் வேறெதை நம்புவான்? எங்கள் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பொருள் நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான், அதைச் சாகடிப்பது. சோல் வளையுமா என்று பார்க்க, அது விரிசல் விடும்வரை மிஷினில் போட்டு வளைப்பார்கள். ஒட்டு பிடித்திருக்கிறதா என்று பார்க்கப் பிய்த்து எடுப்பார்கள். துப்பாக்கி சுடுகிறவர்களுக்கான ஷூ என்று வெளிநாட்டிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "சனிக்கிழமை ரேஞ்சுல டெஸ்ட். உன் கால் வேணும்" என்றார். நான் போட்ட கணக்கு சுலபமானது. ஷூவைச் சுடுவார்கள். ஷூவுக்குள் நான் இருப்பேன்.

இரண்டு நாள் எந்தக் காலைக் கொடுப்பது என்று யோசித்தேன். வண்டி கிக்கரை மிதிக்க வலது கால் வேண்டும். இடது என்று முடிவு செய்தேன். வீட்டில் சொன்னபோது மனைவி, "போய்ட்டு வாங்க. ஒத்தச் செருப்பு வாங்கினா செலவும் கம்மி" என்று சொல்லிவிட்டு மிக்ஸியைப் போட்டாள்.

என் காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது சரியாக நாற்பத்திரண்டாம் நம்பர். ஆண்கள் ஷூவில் முதல் மாதிரி எப்போதும் அந்த அளவில்தான் செய்வார்கள். செய்ததை ஒருவன் போட்டு நடந்து, எங்கே கடிக்கிறது, எங்கே தளர்கிறது என்று சொல்ல வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் வந்து என் காலை டேப் வைத்து அளந்து, நாலு பக்கமும் படம் பிடித்து, இந்தக் கால்தான் என்று ஒப்புதல் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து கம்பெனியில் வேலை பார்ப்பது என் கால். நான் அதைத் தூக்கிக்கொண்டு வந்து போகிறவன்.

பேட்டர்ன் மாஸ்டர் பாயிடம்தான் சந்தேகத்தைக் கேட்டேன். ஷூவின் ஒவ்வொரு துண்டுக்கும் அட்டையில் அளவு வெட்டிக் கொடுப்பவர் அவர். எனக்கு எட்டு வயது மூத்தவர். என் ஒரே தோஸ்த்.

"பாய், எத்தினி அடி தூரத்துலேர்ந்து சுடுவாங்க?"

"எதை?"

"என் காலை."

பாய் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு சொன்னார்: "அரே, சுடப்போறது நீ. ஷூ போட்டுக்கினு நீ சுடணும். சுடுற அதிர்வுல குதிகால் வழுக்குதா இல்லியான்னு பாக்கணும், அவ்ளோதான்."

அந்தச் சிரிப்பு சீக்கிரம் நின்றது. ஏற்கெனவே இரண்டு தடவை இந்த ஷூவின் மாதிரி வெளிநாட்டுக்குப் போய், குதிகால் தளர்கிறது என்று திரும்பி வந்திருந்தது. மூன்றாவதும் தோற்றால் பேட்டர்ன் ரூமுக்கு வேறு ஆள் என்று மேனேஜர் அவரிடமே சொல்லிவிட்டார். ஐம்பத்தாறு வயதில் இந்த ஊரில் எந்தக் கம்பெனி புதிதாக எடுக்கும்? "இந்தத் தடவை சரியா வெட்டிட்டேன். நீ மட்டும் ஸ்டெடியா நில்லு, போதும்" என்றார் பாய்.

பட்டாசுச் சத்தத்துக்கே தீபாவளியன்று கதவைச் சாத்திக்கொள்கிற ஆளிடம் போய்ச் சொன்ன வார்த்தை அது.

சனிக்கிழமை கம்பெனி வேனில் மேனேஜர், பாய், நான் மூவரும் போனோம். வேலூர் தாண்டி, கணியம்பாடியையும் கடந்து, அமிர்தி மலை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அந்த ரைஃபிள் கிளப். நீளமான ஒரு ஷெட், முன்னால் காலி நிலம், கடைசியில் மண்மேடு. கோச் ஒரு அம்மா, நாற்பது வயதிருக்கும். கிளப்பின் ஒருநாள் அனுமதிக்கெல்லாம் கையெழுத்து வாங்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"முன்ன சுட்டிருக்கீங்களா சார்?"

"திருவிழாவுல பலூன்."

"பட்டுச்சா?"

"பக்கத்து ஸ்டால்ல பட்டுச்சு."

அவர் சிரிக்கவில்லை. பாதுகாப்பு விதிகளை இரண்டு தடவை சொன்னார். என்னை மட்டும் திருப்பிச் சொல்ல வைத்தார்.

மேனேஜர் வெள்ளி நிறப் பேனாவை எடுத்தார். தோலில் குறி போடுவதற்கு எங்கள் கம்பெனியில் எல்லாப் பாக்கெட்டிலும் இருக்கிற பேனா. ஷூவின் பின்விளிம்பு என் கருப்பு சாக்ஸைத் தொடுகிற இடத்தில் ஒரு கோடு இழுத்தார். சுட்டு முடித்தபின் கோடு விளிம்பிலேயே இருந்தால் ஷூ பாஸ். கோடு மேலே ஏறித் தெரிந்தால் குதிகால் வழுக்கியது என்று அர்த்தம். எனக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, மாட்டுக்குப் பல் பார்க்கிறவர் மாதிரி என் குதிகாலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

முதலில் ஏர் ரைஃபிள். காற்றில் சுடுவது, ஈயக்குண்டு மிளகு அளவுதான். அதன் சத்தம் தகர டப்பாவைத் தட்டியதுபோல இருந்தது. அதற்கே நான் இரண்டு கண்களையும் மூடினேன். அடுத்த தடவை விசையை அழுத்துவதற்கு முன்பே குதிகால் தரையைவிட்டுக் கிளம்பிவிட்டது. துப்பாக்கி வெடிக்கவில்லை, நான் வெடித்தேன்.

"கோடு ஏறுது" என்றார் மேனேஜர் பின்னாலிருந்து.

அடுத்தது பாயிண்ட் டூ-டூ ரைஃபிள். இது நிஜத் தோட்டா. காதில் மாட்டியிருந்த அடைப்பையும் மீறி உள்ளே வந்தது சத்தம். என் முழங்கால்கள் தனித்தனியாக முடிவெடுக்க ஆரம்பித்தன. ஒன்று ஆம்பூருக்குப் போகலாம் என்றது, மற்றது இங்கேயே உட்காரலாம் என்றது. ஐந்து தடவை சுட்டேன். குறிக்காக மாட்டியிருந்த காகிதத்தைக் கொண்டுவந்து காட்டிய கோச், "இதைத் திரும்ப யூஸ் பண்ணிக்கலாம்" என்றார். அதில் ஓட்டையே இல்லை.

"இன்னும் ஏறுது" என்றார் மேனேஜர். அந்தக் குரலில் ஒரு திருப்தி இருந்தது. அதைக் கேட்டபோதுதான் எனக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. ஷூ தோற்க வேண்டும் என்று இந்த ஆள் ஆசைப்படுகிறார். பாய் சுவரோரமாக நின்று தன் கைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது பிஸ்டல். ரைஃபிளிலாவது கட்டித் தழுவ ஒரு கட்டை உண்டு. பிஸ்டலை ஒற்றைக் கையில் நீட்ட வேண்டும், அது என் கையில் பிடிபட்ட ஓணான் மாதிரி தலையாட்டியது. ஒன்று சுட்டேன். "சார், வழுக்குதா?" என்று கேட்க வாயைத் திறந்து, உடம்பையும் திருப்பப் பார்த்தேன்.

"முன்னாடி! முன்னாடி பாருய்யா!"

கோச் அம்மாவின் கை என் மணிக்கட்டை இரும்பாகப் பிடித்துக் கீழே அழுத்தியது. பிஸ்டலை வாங்கி, தோட்டாக்களை எடுத்து, மேசையில் வைத்தார். பிறகு கண்ணுக்குக் கண் பார்த்துத் திட்டினார். அதை இங்கே எழுத முடியாது, எழுதவும் வேண்டாம். அத்தனையும் எனக்கு வர வேண்டியதுதான். திரும்பிப் பார்த்தால் ஸ்டூலில் மேனேஜர் இல்லை. பாயின் முதுகுக்குப் பின்னால் இருந்தார். வேலையை விட்டுத் துரத்த நினைத்த மனுஷரையே கேடயமாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மீதியை முடித்தேன். கோச் என் தோளை ஒட்டியே நின்றார். கோடு ஒரு விரற்கடை ஏறியிருந்தது.

அப்போதுதான் பாய் வாயைத் திறந்தார். "தோஸ்த், ஷூ நிக்குது. நீதான் ஓடுற."

அது உண்மை. நுனிக்காலில் எழுந்து ஓடத் தயாராகிறவனின் குதிகால் எந்த ஷூவில்தான் நிற்கும்? மேனேஜரிடம் சொன்னேன். "சார், கோளாறு ஷூவுல இல்ல. எனக்குப் பயம். நான்தான் துள்றேன்."

"பயத்துக்கெல்லாம் ரிப்போர்ட்ல இடம் இல்லப்பா. ஹீல் ஸ்லிப் ஆவுதா, ஆவலியா?"

கோச் குறுக்கே வந்தார். "சார், இங்க டெய்லி சுடுற மெம்பர்ஸ் இருக்காங்க. அவங்கள்ல ஒருத்தருக்குப் போட்டுப் பாருங்களேன்."

"அப்ரூவ் ஆனது இவர் கால் மேடம். கண்ட காலுக்கெல்லாம் போட முடியாது."

எனக்கு அங்கேயே கத்த வேண்டும் போலிருந்தது. துப்பாக்கியைத் தொட்டால் நடுங்குகிறவனின் காலை வைத்து, துப்பாக்கிக்காரர்களின் ஷூவைச் சோதிக்கிறோம், அதன் முடிவில் ஒரு மனிதனின் சோறு போகிறது. இதற்குப் பெயர் தரக் கட்டுப்பாடு.

நான்காவது பன்னிரண்டு போர், காட்டுப்பன்றிக்குப் பயந்து விவசாயிகள் லைசென்ஸ் வாங்கி வைத்திருப்பார்களே, அந்த இரட்டைக் குழல் துப்பாக்கி. கோபம் வந்தால் பயம் போய்விடும் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். சுத்தப் பொய். எனக்கு இரண்டும் சேர்ந்தே இருந்தன. தோளில் அழுத்தமாகப் பதித்துக்கொள்ளச் சொன்னார் கோச். அழுத்தினேன். மூச்சை விட்டேன். பாயை நினைத்துக்கொண்டேன், அசையக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். விசையை இழுத்தேன்.

யாரோ தோளில் உலக்கையால் இடித்தார்கள். நான் மூன்று எட்டு பின்னால் போனேன். கோச் முன்பே கையைப் பிடித்திருந்ததால் துப்பாக்கி மண்மேட்டைப் பார்த்தபடியே இருந்தது. மேனேஜர் குனிந்து கோட்டைப் பார்த்தார். "ரெண்டு விரல்" என்று சொல்லி, ரிப்போர்ட்டில் குதிகால் தோல்வி என்று எழுதி, என்னிடம் நீட்டினார். கால் என்னுடையது என்பதால் கையெழுத்து நான் போட வேண்டும்.

நான் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன்.

"இன்னாய்யா பண்ற?"

"கால் கிடையாது சார்."

"இன்னா?"

"இனிமே கால் கிடையாது. இதுக்கு மட்டும் இல்ல. திங்கக்கிழமை பூட் சாம்பிள் வருது, புதன்கிழமை சேண்டல் வருது. எதுக்கும் கால் தர மாட்டேன். அப்ரூவ் ஆன காலு உங்களுக்கு வேற இருந்தா கூப்பிட்டுக்கோங்க."

வீரமாகச் சொன்னதாக நினைக்க வேண்டாம். குரல் கீச்சிட்டது. ஒரு சாக்ஸ் பாதி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. பாய் பயந்துபோய், "டேய், வேணாம்டா, பேஜார் ஆயிடும்" என்று என் சட்டையை இழுத்தார். முதல் தடவையாக அவர் மேலும் எனக்குக் கோபம் வந்தது. "நீ சும்மா இரு பாய். உனக்கும் சேத்துதான் கத்துறேன்."

மேனேஜர் முகம் சிவந்து வெளியே போய் போனில் கம்பெனியில் யாரிடமோ பேசினார். கால் நின்றால் எல்லாச் சாம்பிளும் நிற்கும் என்று அங்கே சொல்லியிருப்பார்கள் போல. திரும்பி வந்து என்னைப் பார்க்காமல் கோச்சிடம், "யாராவது இருந்தா போட்டுக் காட்டச் சொல்லுங்க" என்றார்.

பக்கத்து மேசையில் தினமும் பயிற்சி செய்கிற ஒருவர் இருந்தார், வேலூரில் மருந்துக்கடை வைத்திருப்பவர். நாற்பத்திரண்டாம் நம்பர். ஷூவைப் போட்டார். வெள்ளிப் பேனாவால் கோடு இழுத்தோம். நான்கு துப்பாக்கிகளாலும் வரிசையாகச் சுட்டார். சுடும்போது கொட்டாவி விடாத குறைதான். கோடு விளிம்பைவிட்டு நகரவில்லை. காலையிலேயே பத்து நிமிஷத்தில் முடிந்திருக்க வேண்டிய காரியம்.

மேனேஜர் பழைய வரியை அடித்துவிட்டு, குதிகால் சரி என்று எழுதினார். அந்த ஷூ இப்போது உற்பத்தி லைனில் ஓடுகிறது. பாய் அதே பேட்டர்ன் ரூமில் இருக்கிறார். அடுத்த மாதம் என்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். தோல் வெட்டும் கட்டிங்கில் இருக்கும் ஒருவரின் காலை அளந்து, நாலு பக்கமும் படம் பிடித்து அனுப்பினார்கள். அதற்கு ஒப்புதல் வந்துவிட்டது.