சூப்பானுக்குள் நின்ற சுடுதண்ணீர்

மலேசியாவின் கிள்ளான் நகரில், அடுக்குமாடி ஒன்றில் பிள்ளை பார்க்கும் லோகேஸ்வரிக்கு அந்த வட்டாரத்தில் நல்ல பெயர். வேலைக்குப் போகும் தாய்மார் காலையில் பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். பிள்ளைகள் வாயில் வைக்கும் ரப்பர் சூப்பான்களைக் கொதிக்க வைக்கவே தனியாக ஒரு சட்டி வைத்திருந்தாள். அதில் வேறெதையும் சூடாக்க விடமாட்டாள்.

"உன் வீட்டுல சோத்துப் பானைய விட சூப்பான் சட்டிதான் பளபளக்குது" என்று எதிர்வீட்டு புஷ்பவல்லி கேலி செய்வாள்.

"உன் வாய்க்கும் ஒண்ணு வேணுமா? கொதிக்க வச்சுத் தரேன்லா" என்பாள் இவள்.

அப்போது அவளிடம் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். வங்கியில் வேலை செய்யும் வாணியின் மகள் தாமரை. தெலுக் பங்லிமா காராங் ஊரிலிருக்கும் தொழிற்சாலைக்குப் போய்வரும் நிலோபரின் மகன் ஜாவித்.

நோன்புப் பெருநாளுக்குச் சில நாள் முன்பு, ஒரு மத்தியானம். சூப்பான்கள் கொதித்துக்கொண்டிருந்தபோதே தாமரை விழித்து வீரிட்டாள். ஜாவித்தும் எழுந்துவிடுவானே என்ற அவசரத்தில் லோகேஸ்வரி ஒன்றை இடுக்கியால் எடுத்துக் குழாயில் காட்டினாள். புறங்கையில் வைத்துப் பார்த்தாள். ஆறித்தான் இருந்தது. வாயில் வைத்துவிட்டாள். கொதிக்கும்போது காம்புக்குள் தண்ணீர் புகுந்து நிற்கும். அதைப் பிதுக்கி வெளியேற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். தினமும் செய்கிறவள்தான். அன்று செய்யவில்லை. பிள்ளை அழுத்திச் சப்பியதும் உள்ளே நின்ற சுடுநீர் நாக்கில் இறங்கியது.

சாயங்காலம் வாணி வந்தபோது நாக்கு நுனியில் கொப்புளம்.

"அக்கா, இது கை கால் வாய் நோய் மாதிரி இருக்கே! ஜாவித்துக்குப் போன வாரம் காய்ச்சல்தானே? அவன்கிட்டேர்ந்து ஒட்டிக்கிச்சா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். "தெரியலயேம்மா" என்று வந்தது.

கிளினிக்கில், அந்த நோயாக இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்களாம். வாணி நிலோபருக்கு போன் போட்டுச் சத்தம் போட்டாள். நிலோபர் மறுநாளே லீவு எடுத்து மகனை வீட்டோடு வைத்துக்கொண்டாள். எல்லாம் லோகேஸ்வரியின் காதுக்கு வந்தது. அப்போதும் அவள் சொல்லவில்லை.

தாமரைக்குக் கையிலும் காலிலும் ஒன்றும் வரவில்லை, நாக்கும் ஆறியது. பெருநாள் முடிந்து வாணி பிள்ளையைக் கொண்டுவந்தபோது, லோகேஸ்வரி வாசலிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

வாணி கத்தவில்லை. "அன்னைக்கே சொல்லியிருந்தா மருந்தாச்சும் சரியா போட்டிருப்பேன்லா அக்கா" என்றவள், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு லிப்டுக்குத் திரும்பி நடந்தாள்.

அன்றே லோகேஸ்வரி நிலோபர் வீட்டுக்கும் போனாள்.

"ஜாவித்துக்கு எந்த நோயும் இல்லம்மா. என் தப்பு. சூப்பானுக்குள்ள இருந்த சுடுதண்ணி."

நிலோபர் உள் அறைக் கதவைக் காட்டினாள். "பெருநாளுக்கு எங்க அண்ணன் பிள்ளைங்க எல்லாம் காஜாங்லேர்ந்து வந்தாங்கக்கா. ஒட்டிக்கும்னு இவன ரூமுக்குள்ள வச்சுக் கதவச் சாத்திட்டேன். சத்தம் கேட்டு, கதவுகிட்ட தவழ்ந்து வந்து தட்டித் தட்டி அழுதான். யாரும் தூக்கல. அவனுக்கு இதுதான் முத பெருநாளு."

"மன்னிச்சிடும்மா."

"உங்க மேல கோவம் இல்லலா அக்கா. இனிமே என் மாமியாரே இவனப் பார்த்துக்குவாங்க."

பழகிய குரல் கேட்டு ஜாவித் உள்ளிருந்து தவழ்ந்து வந்தான். லோகேஸ்வரியின் காலைப் பிடித்து நின்று, தூக்கச் சொல்லிக் கையை உயர்த்தினான். அவள் குனியப் போனாள். அதற்குள் நிலோபர் மகனை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு, "டீ குடிச்சிட்டுப் போங்கக்கா" என்றாள்.