தரையிறங்காத மோட்டார் சைக்கிள்

தங்கவயலில் மாணிக்கராஜைப் போல மரம் நிறுத்துகிறவன் கிடையாது என்று சொன்னால் மற்ற மரக்காரர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். சுரங்கத்துக்குள் பாறையைக் கம்பியால் ஒரு தட்டு தட்டி, காதைச் சாய்த்துச் சத்தம் கேட்பான். பிறகு மரத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மேல்பாறைக்கும் மரத்துக்கும் நடுவே ஆப்பு அடிப்பான். அவன் அடித்த ஆப்பு அசைந்ததாகப் பேச்சே இல்லை. பெண் பார்க்கப் போன வீட்டில்கூட, உட்காரச் சொன்ன பெஞ்சைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தான். கதவுக்குப் பின்னால் பாக்கியவதி சிரித்த சிரிப்பில் கல்யாணம் நிச்சயமாயிற்று.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டாம் வருஷம் அவனோடு சோடியாக வேலை பார்த்த பெருமாள் பாறை சரிந்து செத்துப்போனான். அன்றிலிருந்து ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜ் என்கிற கூண்டில் கால் வைக்கவே மாணிக்கராஜுக்குப் பயம். வெளியே காட்டிக்கொள்ள மாட்டான். பாக்கியவதிக்குத் தெரியும். ஷிஃப்ட் முடியும் நேரத்துக்கு கேஜ் மேலே வரும் ஷாஃப்ட் வாய்ப் பக்கம் போய் நின்று, கேஜில் அவன் தலை தெரிந்த பிறகுதான் அவள் வீட்டுக்கு வந்து உலை வைப்பாள்.

"எப்டியாவது மேல வேல வாங்கிக்க. உனுக்குப் புண்ணியமாப் போவும்" என்பாள்.

வழி சுரங்கத்தின் பெரிய அதிகாரி பென்ரோஸ் துரையின் பங்களாவிலிருந்து வந்தது. துரை சீமையிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வரவழைத்திருந்தார். அதன் தோல் பெல்ட்டையும் சக்கரத்தையும் ஞாயிறுதோறும் அவரே துடைப்பார். வேறு யாரும் தொடக்கூடாது. ஆனால் சக்கரத்தைச் சுற்றிவிட்டுத் துடைக்க, வண்டியைத் தூக்கி நிறுத்த ஆள் வேண்டுமே. ஷெட் உத்தரத்தில் கயிறு கட்டித் தூக்கினார்கள். கயிறு நழுவி, வண்டி பட்லர் இன்பராஜின் காலில் உட்கார்ந்தது. அந்த மனுஷன் மூன்று வாரம் நொண்டிக்கொண்டே டீ கொண்டுபோனான்.

துரை மாணிக்கராஜைக் கூப்பிட்டனுப்பினார்.

"வண்டி விழாமே நிக்கணும். நின்னா, உனக்கு மேலே மரப்பட்டறையில் வேலை."

மாணிக்கராஜ் ஷெட் உத்தரத்தைத் தட்டினான். தரையைத் தட்டினான். வண்டியையும் இரண்டு தட்டு தட்ட, துரைக்கு முகம் சிவந்தது. பிறகு கடப்பாரையால் நெம்பி நெம்பி, இஞ்சினுக்கு அடியில் மரம் அடுக்கினான். சீட்டின் மேல் கோணியை மடித்துப் போட்டு, அதிலிருந்து உத்தரம் வரைக்கும் ஒரு முட்டு கொடுத்து, ஆப்பை இறக்கினான். இரண்டு சக்கரமும் அந்தரத்தில் நின்றன. துரை பிடித்து ஆட்டினார். ஷெட்தான் ஆடியது, வண்டி ஆடவில்லை.

துரை அடியில் படுத்து ஆசைதீரத் துடைத்தார். மத்தியானம் எழுந்து வந்து, மாணிக்கராஜின் தோளில் தட்டினார்.

"நான் இத்தனை வருஷத்தில் இப்படி மரம் பார்த்ததில்லை. இந்தக் கை மேலே வந்தால் நஷ்டம். நீ கீழேயே இரு. மேஸ்திரியாக்குறேன்."

வேலையை நன்றாகச் செய்ததற்கு இப்படி ஒரு தண்டனையா? ஷாஃப்ட் பக்கம் நிற்கப்போகிற பாக்கியவதி மாணிக்கராஜின் நினைவுக்கு வந்தாள். சலாம் போட்டுவிட்டுப் போய் வேலியோரம் உட்கார்ந்தான்.

மூன்று மணிக்கு ஷெட்டில் ஒரே ரகளை. நாலு மணி ரயிலோடு பங்காருபேட்டை வரைக்கும் போட்டி போடுவதாகத் துரை கிளப்பில் சவால் விட்டிருந்தார். பட்லர், தோட்டக்காரன், குதிரைக்காரன் மூவரும் சேர்ந்து இழுத்தும் வண்டி இறங்கவில்லை. துரை சட்டைக்கையை மடித்துக்கொண்டு தானும் இழுத்தார். கடைசியில் வேலியோரம் பார்த்துக் கத்தினார்.

"மாணிக், இறக்கு."

"ஏத்தத் தெரியும் தொர. எறக்கத் தெரியாது."

"என்ன உளறல்?"

"கீழ வச்ச மரத்த எந்த மரக்காரன் தொர திரும்ப எடுத்தான்? எடுத்தா பாறை தலமேல வந்துடுமே. உங்களுக்குத் தெரியாதா?"

துரைக்கு நன்றாகவே தெரியும். வைத்த மரத்தில் கைவைக்கிறவனுக்குச் சீட்டுக் கிழியும் என்று உத்தரவு போட்டவரே அவர்தான்.

"கோடாலி கொண்டுவா, வெட்டலாம்."

"வெட்டுங்க. வண்டி எந்தப் பக்கம் வுழும்னு தெரில. இன்பராஜண்ணே, காலப் பாத்துக்க."

இன்பராஜ் பத்தடி தள்ளிப் போய் நின்றான்.

"யாருக்குத்தான் இறக்கத் தெரியும்?" என்றார் துரை, கடிகாரத்தைப் பார்த்தபடி.

"மேல மரப்பட்டறைல கீறவங்களுக்குத் தெரியும் தொர. ஏத்தறது எறக்கறது ரெண்டும் அவங்க வேல. இன்னிக்கு ஞாயித்துக்கிழம, அவங்கள எங்க போயித் தேடறது?"

துரை அவனை முறைத்தார். அவன் தரையைப் பார்த்தான். மூன்றே கால் ஆயிற்று. துரை பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினார். மாணிக்கராஜ் அதை இன்பராஜிடம் கொடுத்தான். இன்பராஜ் எழுத்துக் கூட்டிப் படித்து, "பட்டறைதான், நாளையிலேர்ந்து" என்றான்.

மாணிக்கராஜ் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகினான். சுத்தியல் எடுத்து ஆப்பின் கூர்முனையில் ஒரே அடி. முட்டு கழன்று கைக்கு வந்தது. கடப்பாரையைக் கொடுத்துக் கீழ்மரத்தை ஒவ்வொன்றாக உருவ, வண்டி அலுங்காமல் குலுங்காமல் தரையில் உட்கார்ந்தது.

துரை வண்டியைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"இறக்கத் தெரியாது என்று சொன்னாயே."

"அது கீழ வேல செய்றப்ப, தொர. இப்பத்தான் பட்டறைக்கு வந்துட்டேனே."