இரட்டைப் பிள்ளை பெற்ற கை

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் "போயிட்டு வாரேன்" என்று சொல்லிக்கொண்டு போவதில்லை. சுளுக்கு வழித்துக்கொண்டு போகிறவர்கள் அப்படிச் சொல்லக் கூடாது. சொன்னால், போன சுளுக்கும் கூடவே திரும்பி வந்துவிடுமாம். சாவு விழுந்த வீட்டை எங்கள் பக்கம் துட்டி வீடு என்போம். அங்கிருந்தும் யாரும் சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்புவார்கள். பதினான்கு வருடமாக என் வீட்டிலிருந்து ஆட்கள் அப்படித்தான் எழுந்து போகிறார்கள்.

நான் வைத்தியச்சி இல்லை. திருநெல்வேலிப் பேட்டையில் குடியிருக்கிறேன், டவுனில் ஒரு பெண்கள் பள்ளியின் அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் மேற்பார்வையாளர். நான் செய்ததெல்லாம் ஒரே பிரசவத்தில் இரண்டு பெண்பிள்ளைகளைப் பெற்றதுதான். இரட்டைப் பிள்ளை பெற்றவள் கை பட்டால் சுளுக்கு விட்டுவிடும் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. கழுத்துப் பிடிப்பு, இடுப்புப் பிடிப்பு, மூச்சுப் பிடிப்பு, புரண்ட கணுக்கால் எல்லாம் அந்தக் கைக்குக் கட்டுப்பட்டவை. அதற்குப் படிப்பு வேண்டாம், பெற்றிருந்தால் போதும்.

இரண்டாவதாகப் பிறந்தவள் பதினோரு நாள் இருந்தாள். பெரியாஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் அத்தனை நாளும். நான் அவளைக் கையில் வாங்கியது இரண்டே தடவை. பதினாறாம் நாள் இருவருக்கும் பேர்விடுவதாக இருந்தது. அவள் பேர் இல்லாமலே போனாள்.

முக்கூடலில் என் அம்மா வீட்டிலிருந்து நாலாம் மாதம் பேட்டைக்குத் திரும்பியபோது, இரண்டு இரண்டாக வாங்கிய சட்டைகளில் பாதியை என் மாமியார் கண்ணில் படாமல் எடுத்து வைத்திருந்தார். வீட்டில் யாரும் சின்னவளைப் பற்றிப் பேசவில்லை. பார்க்க வந்தவர்கள், "ஒண்ணாவது தங்கிச்சே, அதை நினைச்சு மனசைத் தேத்திக்கோ" என்றார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். எனக்கு அவர்கள் வாயில் மண்ணை அள்ளிப் போட வேண்டும்போல் இருந்தது.

அந்த வாரமே பட்டறையிலிருந்து ஒருவர், கழுத்தைத் திருப்ப முடியாமல், உடம்பு மொத்தத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி வீட்டு வாசலுக்கு வந்தார். இரும்புத் தகடு தூக்கும்போது பிடித்துக்கொண்டதாம். மாமியார் தயங்கினார்.

"ஒண்ணு போயிருச்சே. பலிக்குமா?"

அடுத்த வீட்டு மதினி அங்கேதான் நின்றாள். "பெத்தது ரெண்டுதானே அத்தை. தங்குனதையா கணக்குப் பாக்கது?" என்றாள்.

பெற்றது ரெண்டு. நாலு மாதத்தில் அதை ஒருவர் வாய்விட்டுச் சொல்லி நான் அன்றுதான் கேட்டேன். என்னைப் பூட்டிய வார்த்தை அதுதான் என்று அப்போது தெரியவில்லை. மதினியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது. அதற்குப் பதிலாக அந்த மனிதரின் கழுத்தில் விளக்கெண்ணெய் தடவி வழித்தேன். நான் எவ்வளவு அழுத்தினேனோ, அவர் அலறிய அலறலில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்துவிட்டது. மூன்றாம் நாள் கழுத்து திரும்பியது. பிடிப்பு எப்படியும் மூன்று நாளில் விடக்கூடியதுதான் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு யார் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் வர வேண்டும். எண்ணெய் இளஞ்சூட்டில் இருக்க வேண்டும். மேலிருந்து கீழேதான் வழிக்க வேண்டும், கை திரும்பி மேலே போகக் கூடாது. பிறகு நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டி ஒத்தடம். வீக்கம் இருந்தால் புளியையும் உப்பையும் கரைத்துக் கொதிக்க வைத்துப் பற்று. மூன்று நாளும் இப்படி. முடிந்ததும் திரும்பிப் பார்க்காமல், சொல்லிக்கொள்ளாமல் போய்விட வேண்டும்.

பட்டறைக்காரர் பேசாமல் இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். தொழிற்பேட்டையில் தூக்குகிறவர்களும் குனிகிறவர்களும்தான் அதிகம். ஒரு மாதத்தில் காலை ஐந்தே முக்காலுக்கு எங்கள் வீட்டுக் கதவுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. நொச்சி இலைக்கு அலைய வேண்டாமே என்று மதினி எங்கள் பின்வாசலோரம் ஒரு கொம்பை ஊன்றிவிட்டுப் போனாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது இப்போது ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. வெட்ட வெட்டத் தழைக்கிறது.

கை ராசி என்று பேர் வாங்கிவிட்டால் சுளுக்கோடு நிற்காது. "ஒங்க கையால ஒரு வாய் ஓமத்தண்ணி குடுங்க" என்று வயிற்றுப் பொருமலோடு வந்தார்கள். சளிக்குக் கற்பூரவல்லிச் சாறு, இருமலுக்கு ஆடாதொடைக் கஷாயம், அசதிக்குச் சுக்குத் தண்ணீர். இவையெல்லாம் அவர்கள் வீட்டு அடுப்பிலேயே வைக்கக்கூடியவை. அவர்களுக்கும் அது தெரியும். ஆனாலும் நான்தான் வைக்க வேண்டும். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்று மனதைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. திருநெல்வேலியில் தெருவுக்கு இரண்டு எலும்பு டாக்டர் இருக்கிறார்கள்.

தப்பிக்கப் பார்க்காமல் இல்லை. லோடு ஏற்றி இறக்குகிற அண்ணாச்சி ஒருவர் புடைத்த காலோடு வந்தபோது தொடவே மாட்டேன் என்று சொல்லி எக்ஸ்ரே எடுக்க அனுப்பினேன். எலும்பு முறிந்திருந்தது. இதோடு என் பேர் கெட்டுப்போகும் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். தெருவோ, "தொடாமலே ஒடிஞ்சிருக்குன்னு சொல்லிட்டா" என்று பேசிக்கொண்டது. மாவுக்கட்டைப் பிரித்த மறுநாள் அண்ணாச்சி வாசலில் நின்றார். "டாக்டர் பாத்துட்டாரு. நீங்களும் ஒருக்கா தொட்டுட்டா நிம்மதி" என்றார். கல்லிடைக்குறிச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போனால் அங்கே சமையற்காரரின் மணிக்கட்டு எனக்காகக் காத்திருந்தது. பட்டுச் சேலையில் எண்ணெய் படாமல் பிடித்துக்கொண்டு அடுக்களை ஓரத்தில் உட்கார்ந்து வழித்தேன். தாலி கட்டியதைப் பார்க்கவில்லை. கடைசிப் பந்தியில்தான் சாப்பிட்டேன்.

இதையெல்லாம் ஒரே வார்த்தையில் நிறுத்திவிடலாம். "எனக்கு ஒரு பிள்ளைதான்" என்று சொன்னால் போதும். சொல்வது சட்டப்படி சரியும்கூட. பள்ளியில் பிள்ளைகளின் குடும்ப விவரங்களை நிரப்புவதுதான் என் வேலை. என் விவரத்தையும் நான்தான் நிரப்பியிருக்கிறேன். பணிப்பதிவேட்டில் ஒன்று. ரேஷன் கார்டில் ஒன்று. என் கூடப்பிறந்த அக்காகூட யாரிடமாவது அறிமுகம் செய்தால், "இவளுக்கு ஒத்தப் பொம்பளப் பிள்ளை" என்றுதான் சொல்வாள். உலகத்தில் என்னை இரண்டு பெற்றவள் என்று சொல்வது கழுத்துப் பிடித்தவர்களும் கால் புரண்டவர்களும் மட்டும்தான். அவர்களை அனுப்பிவிட்டால் சின்னவளுக்கு இந்த உலகத்தில் வேறு இடமே இல்லை. ஒவ்வொரு தடவையும் வாய் வரைக்கும் வந்த வார்த்தையை அதனால்தான் விழுங்கினேன். விழுங்கிவிட்டு எண்ணெயைச் சூடு பண்ணினேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

மூத்தவளுக்கும் இதில் கஷ்டம் இருந்தது. வருகிறவர்கள் அவளைப் பார்த்ததும், "இது மூத்ததா, இளையதா? மத்தது எங்க?" என்பார்கள். ஏழு வயதில் ஒருநாள் அவள் வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "நான் தங்குனது" என்றாள். நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். அதற்குப் பிறகு யாராவது கதவைத் தட்டினால் அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு படியேறி மச்சிக்கு, மாடிக்குப் போய்விடுவாள்.

போன வருடம் என் வலதுகைக் கட்டைவிரலின் அடியில் வலி வந்தது. முதலில் பேனா பிடிக்க முடியவில்லை, பிறகு குழம்புச் சட்டியைத் தூக்க முடியவில்லை. ஊருக்கெல்லாம் வழித்த கைக்கு வழிக்க ஆள் இல்லை. இந்தச் சுற்றுவட்டாரத்தில் இரட்டைப் பிள்ளை பெற்றவள் நான் ஒருத்திதான். எலும்பு டாக்டரிடம் போனேன். என்ன வேலை என்று கேட்டார். டைப் அடிக்கிற வேலை என்று மட்டும் சொன்னேன், மற்றதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. மணிக்கட்டில் பட்டை ஒன்று மாட்டிவிட்டு, இரண்டு மாதம் எதையும் அழுத்தக் கூடாது, மீறினால் கத்தி வைக்க வேண்டியிருக்கும் என்றார்.

பட்டையைப் பார்த்ததும் தெரு விட்டுவிடும் என்று நினைத்தேன். மதினி என் கையைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். அப்புறம், "இடது கையும் பெத்தவ கைதானே மதினி. பைய வழியுங்க" என்றாள். இடது கையாலும் வழித்தேன். இடது கையில் பலம் போதாதபோது வலது கை தானாகப் போனது.

மகள் இதையெல்லாம் மச்சியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

போன ஆடியில் ஒரு காலை. பால் அடுப்பில் இருந்தது. கதவுச் சத்தம் கேட்டது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பீடி சுற்றுகிற அம்மாள் ஒருத்தி, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றது. நாள் முழுக்கத் தட்டை மடியில் வைத்துக் குனிந்து சுற்றுகிறவர்களுக்கு அப்படிப் பிடித்துக்கொள்ளும். நான் கையைத் துடைப்பதற்குள் மகள் மச்சியிலிருந்து இறங்கி வாசலுக்குப் போய்விட்டாள்.

"இரட்டைப் பிள்ளை பெத்தவ வீடு இதானே தாயி?"

"இல்ல. எங்க அம்மைக்கு ஒரே பிள்ளைதான். நான்தான் அது. நீங்க வேற எங்கனயாவது பாருங்க."

அந்த அம்மாள் சாய்ந்த தலையோடு அவளைப் பார்த்தாள். "ஆளு தப்பாச் சொல்லிட்டாவ போல. தூரத்துல இருந்து நடந்து வந்தேன். சரி தாயி, தப்பா நினைக்காத. போயிட்டு வாரேன்."

போயிட்டு வாரேன். சுளுக்கோடு வந்த ஒருத்தி எல்லா வீட்டிலும் சொல்வதுபோல என் வாசலில் சொல்லிக்கொண்டு போகிறாள். என் வீடு சாதாரண வீடு ஆகிவிட்டது. பதினான்கு வருடமாக நான் கேட்டது இதைத்தான், என் வாயால் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நான் அடுப்பை அணைத்தேனா என்றுகூட ஞாபகம் இல்லை. நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். என் மகள், "எம்மா" என்று கூப்பிட்டது பின்னால் கேட்டது.

தெருமுனையில் இருந்த அடிபம்புப் பக்கம் அந்த அம்மாளைப் பிடித்துவிட்டேன். மூச்சு வாங்கியது.

"எனக்கு ரெண்டு பிள்ளை" என்றேன். "ஒண்ணு இல்ல. ரெண்டு. வாங்க."

அந்த அம்மாள் என் கூடவே திரும்பி நடந்தாள்.

மகள் வாசலிலேயே நின்றாள். முகம் சிவந்திருந்தது. "ஒனக்காவத்தான சொன்னேன். ஒன் கைக்காவ. நான் பொய்யா சொன்னேன்?"

"ஆமா. பொய்தான் சொன்ன."

அவளை அடித்திருந்தால்கூட அப்படி ஆகியிருக்க மாட்டாள். மச்சிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அந்த அம்மாளை உட்கார வைத்து, பட்டை போட்ட கையாலும் போடாத கையாலும் வழித்தேன். அவளுக்கு வலித்ததோ இல்லையோ, எனக்கு முழங்கை வரை வலித்தது. என்மீதே கோபமாக வந்தது. நான் தப்பிக்கத் திறந்து கிடந்த கதவை நானே ஓடிப் போய்ச் சாத்திவிட்டு வந்திருக்கிறேன். என்னைவிடக் கிறுக்கி இந்தப் பேட்டையில் இருக்க மாட்டாள். ஒத்தடம் முடிந்ததும் அந்த அம்மாள் எழுந்து, திரும்பிப் பார்க்காமல், சொல்லிக்கொள்ளாமல் போனாள்.

அன்று முழுக்க மகள் என்னோடு பேசவில்லை. ராத்திரி அவள் அப்பா தோசைக்குச் சட்னியை ஊற்றிக்கொண்டே, "ரெண்டு பேருக்கும் என்ன?" என்று கேட்டார். நான் அவர் தட்டில் இன்னொரு தோசையை வைத்தேன்.

மூன்று நாள் வழிக்க வேண்டும் அல்லவா, மறுநாள் ஐந்தே முக்காலுக்குக் கதவுச் சத்தம் கேட்டது. நான் நொச்சி இலையை உருவிக்கொண்டு பின்வாசலில் இருந்தேன். மச்சிப்படியில் காலடி கேட்டது. மகள் எனக்கு முன்னால் வாசலுக்குப் போனாள். கையில் இலையோடு அப்படியே நின்றுவிட்டேன். இன்றைக்கு என்ன சொல்லப் போகிறாளோ என்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

பீடிக்கார அம்மாள் தனியாக வரவில்லை. கால் புரண்ட ஒரு பெண்ணையும் கூட்டி வந்திருந்தாள். அந்தப் பெண் வெளியிலேயே தயங்கி நின்றாள் போலிருக்கிறது.

"இங்கனதானா எக்கா? ஒரு பிள்ளையைத்தான காணுதேன்."

"இங்கனதான்" என்று என் மகளின் குரல் கேட்டது. "எங்க அம்மைக்கு நாங்க ரெண்டு பேரு. உள்ள வாங்க."

நாங்க ரெண்டு பேரு. அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை. பின்வாசலில் நின்றபடி சத்தம் வராமல் அழுதேன். இனி இதிலிருந்து எனக்கு விடுதலை இல்லை என்பதும் அங்கேயே தெரிந்துவிட்டது. மணிக்கட்டில் இருந்த பட்டையை அவிழ்த்து ஜன்னலில் வைத்துவிட்டு, எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போனேன்.