உதட்டில் நனைந்த கறுப்பு நூல்

என் தங்கை விஜிலா கறுப்பு நூல் செய்கிறாள். புன்னைக்காயலில் யாரைக் கேட்டாலும், "பிளாரன்ஸ் தங்கச்சியா? காலேஜ்ல ஏதோ நூல் செய்யுதா" என்பார்கள். அது லேசான வேலையில்லை. நான் ஒன்பதாவதோடு நின்று, வீட்டில் மீன்வலை முடிகிறவள். ஆனாலும் அவள் சொன்னதை ஒன்றுவிடாமல் மனதில் வைத்திருக்கிறேன்.

நைலான் குருணையை முதலில் ஈரம் போக உலர்த்த வேண்டும். பிறகு கார்பன் நானோ குழாய்களைக் கலக்க வேண்டும். பார்வைக்கு அது கரித்தூள்தான்; ஆனால் தலைமயிரை ஆயிரக்கணக்கான கீற்றாகக் கிழித்தால் ஒரு கீற்று எவ்வளவோ, அவ்வளவுதான் ஒரு குழாயின் பருமன். இரண்டையும் உருக்கி, இடியாப்பம் பிழிவதுபோல் சிறு துளை வழியே இழுத்தால் கறுப்பு நூல் வரும். அதில் ஒற்றை இழையை எடுத்து, நடுவில் சன்னல் வெட்டிய அட்டையில் இரு முனையையும் பசையால் ஒட்டி, இயந்திரத்தில் மாட்டி, அட்டையின் ஓரங்களை வெட்டிவிட்டு, அறும்வரை இழுக்க வேண்டும்.

கரி கலந்த நூல் வெறும் நைலானைவிட உரமாக இருக்க வேண்டும். அவளுடையது மூன்று வருடமாக அப்படி இல்லை. குருணையை மாற்றினாள், சூட்டை மாற்றினாள். கறுப்பு நூல் பசை ஓரத்திலேயே அறுந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை அவள் ஆராய்ச்சியைப் பரிசீலிக்கும் கமிட்டி. அதற்குள் நல்ல முடிவு வராவிட்டால் ஆராய்ச்சியை மூடிவிட வேண்டியதுதான் என்று அவளுடைய வழிகாட்டி அருமைநாயகம் சார் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலை அவள் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள்.

"ஏளா, பஸ் போயிரும்."

"போட்டும்க்கா. போயி என்னத்தக் கிழிக்க? வலை முடியத்தான் நான் லாயக்கு."

"வலை முடியவும் எந்திரிக்கணும்லா?"

கையைப் பிடித்து எழுப்பினேன். நானே கூட்டிக்கொண்டு போனேன்.

சோதனைக்கூடத்தில் சுடலைச்செல்வி இருந்தாள். ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வயல்காரக் குடும்பம். அதே சாரிடம் ஆராய்ச்சி செய்கிறவள். ஆளுக்கொரு நாள் இயந்திரத்தை எடுப்பார்கள் என்பதால் ஒருத்தி வேலையை மற்றவள் பார்த்ததில்லை. அன்று தன் முறையை இவளுக்கு விட்டுக்கொடுத்திருந்தாள்.

விஜிலா முதலில் கரி கலக்காத வெள்ளை நூலை ஒட்டி இழுத்தாள். நல்ல பாரம் தாங்கியது. கறுப்பு நூல் அறுந்தது. இன்னொன்றை ஒட்டினாள், அதுவும் அறுந்தது. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"முடிஞ்சி போச்சிக்கா."

சுடலைச்செல்வி அருகில் வந்தாள். "ஏளா விஜி, நூல எதுக்கு வாயில வச்ச?"

"நான் வைக்கலியே."

"உதட்டுல வச்சி இழுத்தத இப்பம்தான பாத்தேன்! கறுப்புக்கு மட்டும் முத்தமா? வெள்ளை என்ன பாவம் பண்ணிச்சி?"

விஜிலா என்னைப் பார்த்தாள். பக்கத்திலேயே நின்ற எனக்கும் அது கண்ணில் படவில்லை. காய்ந்த நைலானில் முடிச்சு இறுகாது என்று நாங்கள் வலை நூலை உதட்டில் நனைத்தே இழுப்போம். கண் சிமிட்டுவது போல, நினைக்காமலே நடப்பது அது. வெள்ளை நூல் அட்டையில் சொன்னபடி படுத்துவிடும். கறுப்பு விறைப்பானது, துள்ளும். அதனால் அதை மட்டும் நனைத்திருக்கிறாள். நைலான் ஈரம் குடித்தால் தளரும், ஈரத்தில் பசையும் பிடிக்காது. குருணையை அத்தனை கவனமாக உலர்த்தியவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உருளையில் கொஞ்சம் கறுப்பு நூல்தான் மிச்சமிருந்தது. சுடலைச்செல்வி இடுக்கியால் ஒரு முனையை அழுத்திப் பிடிக்க, விஜிலா நனைக்காமல் ஒட்டினாள். கணினியில் எண் ஏறியது. வெள்ளை நூல் அறுந்த இடத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. கடைசியில் நூல் பசை ஓரத்தில் அல்ல, நட்டநடுவில் அறுந்தது. மிச்சமிருந்த மூன்று நான்கு இழைகளும் அப்படியே.

விஜிலா அழத் தொடங்கினாள்.

"மூணு வருசம்க்கா. அத்தனையும் நனைஞ்சது."

"அதுக்கென்ன, இன்னைக்கு வந்தத மட்டும் காட்டு. பழச யாரு கேக்கா?" என்றாள் சுடலைச்செல்வி.

திங்கட்கிழமை நான் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் தங்கையின் குரல் கேட்டது. "நூலை வாயால நனைச்சிட்டேன் சார். பழைய அளவு எதையும் எடுத்துக்க வேண்டாம்." யாரோ சிரித்தார்கள். அவள் நிறுத்தாமல் கடைசிவரை சொன்னாள்.

ஆராய்ச்சியை மூடவில்லை. ஆனால் சனிக்கிழமை அறுத்த நாலைந்து இழை போதாதாம். குருணையிலிருந்து தொடங்க வேண்டுமாம். அடுத்த கமிட்டிக்குள்ளும் நல்ல முடிவு வராவிட்டால் அதோடு சரியாம்.

மறுநாள் நான் கூப்பிடுமுன் எழுந்துவிட்டாள். பையில் முகக்கவசம் எடுத்து வைத்தாள்.

"அது எதுக்குளா, கரித்தூள் வேலைக்கா?"

"அதுக்கு அங்கனயே இருக்கு. இது நூல் ஒட்டும்போது, என் வாயக் கட்ட."

கண் இன்னும் வீங்கித்தான் இருந்தது. பஸ்ஸுக்கு ஓடினாள்.