கோட்டைத் தாண்டி வந்த கையெழுத்து

அமெரிக்காவில் எங்கள் ஊர் வெண்டோவரின் தெருவில் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். கிழக்கே யூட்டா மாநிலம், மேற்கே நெவாடா. ஜெனீன் ஓல்பின் கிழக்குப் பக்கக் காப்பீட்டு அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரி; தன் முன்னால் போடும் கையெழுத்துக்குச் சான்று தரும் யூட்டாவின் நோட்டரியும்கூட.

ஒரு வியாழன், பதினொன்றரை மணிக்கு எங்களுக்குத் தெரிந்த கார்லா தன் மகளோடு ஓடிவந்தாள். மகள் இனெஸின் பாஸ்போர்ட்டுக்குத் தகப்பனின் சம்மதப் படிவம் நோட்டரி முத்திரையோடு வேண்டும். இரண்டரை மணிக்குள் சால்ட் லேக் நகரப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். போகவே இரண்டு மணி நேரம். சிலி நாட்டில் கார்லாவின் அப்பா சாகக் கிடந்தார், மறுநாள் விமானம். கணவன் டேவ் கால் முறிந்து, நெவாடாப் பக்கம் ஒரு மோட்டலில், சாலையோர விடுதியில், படுத்திருந்தான்.

"அவர் கையெழுத்துப் போட்டுட்டார். நீங்க முத்திரை மட்டும் குத்துங்க."

"என் முன்னாடி சத்தியம் பண்ணி கையெழுத்துப் போட்டார்னு நான் எழுதணும், கார்லா. பார்க்காததை எப்படி எழுதறது?"

"அப்ப மோட்டலுக்கு வாங்க!"

"கோட்டைத் தாண்டினா நான் நோட்டரி இல்ல."

"எங்கப்பா உசுரு ஊசலாடுது. நீங்க கோடு பேசுறீங்க!"

ஜெனீன் எழுந்து வாசல் கதவை அகலத் திறந்தாள். "வீல்சேர் இருக்கில்ல? தள்ளிட்டு வாங்க."

உப்புவெளிக் காற்றில் கார்லா டேவை உருட்டிக்கொண்டு வந்தபோது மணி பதினொன்று ஐம்பது. ஜெனீன் அவனுடைய ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்து நகலெடுத்தாள். பழைய தாளை ஒதுக்கி, கார்லாவிடம் மிஞ்சியிருந்த ஒரே வெற்றுப் படிவத்தை நீட்டினாள். "வலது கையைத் தூக்குங்க. இதுல இருக்கறது உண்மைன்னு சத்தியமா சொல்றீங்களா?"

"சொல்றேன். கல்யாணத்துலகூட இவ்ளோ பயந்ததில்ல" என்றபடி கையெழுத்திட்டான்.

சான்றுப் பகுதியை ஜெனீன் நிரப்பத் தொடங்கினாள். "அவர் நெவாடா ஆளு" என்று கார்லா அவசரப்படுத்தினாள்.

"படிவம் ஆளு எந்த ஊருன்னு கேக்கல. கையெழுத்து எங்க விழுந்ததுன்னு கேக்குது."

யூட்டா, டுவில்லா மாவட்டம், அன்றைய தேதி, தன் பெயர், தன் பதவிக்காலம் முடியும் நாள். ஒரு கட்டத்தையும் காலியாக விடவில்லை. அடித்தல் திருத்தல் இருந்தால் திருப்பிவிடுவார்களோ என்று ஒவ்வோர் எழுத்தையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினாள். முத்திரையை எடுத்தாள். எழுத்தின் மேல் பட்டுவிடாத வெற்றிடம் பார்த்து அழுத்தினாள். தெளிவாக விழுந்தது.

கார்லா தாளைப் பிடுங்கிக்கொண்டு மகளோடு காரில் பறந்தாள். டேவ் எங்கள் அலுவலகத்திலேயே தங்கிப்போனான்.

"மறந்துட்டுப் போயிட்டா" என்றான் அவன். ஜெனீன் தன் சாண்ட்விச்சில் பாதியைக் கொடுத்தாள். மூவரும் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டே முக்காலுக்குத் தொலைபேசி அடித்தது. "வாங்கிட்டாங்க" என்றாள் கார்லா, அழுதுகொண்டே. "டேவ் எங்க?"